ஆடும் அடுப்பு அலமாரி



இன்றைய பேச்சு ஓர் அலமாரியைப் பற்றியது. அடுப்படியில் கேஸ் அடுப்பைத் தாங்கி நிற்கும் அலமாரி அது. கப்போர்டு என்றும் சொல்கிறார்கள். மேலே அடுப்பு இருக்கும். உள்ளே பாத்திரம், பருப்பு டப்பா, எண்ணெய்க் கேன் எல்லாம் இருக்கும்.

முன்பெல்லாம் அடுப்பு தரையில் இருந்தது. பெண்கள் உட்கார்ந்து சமைத்தார்கள். புகை கண்ணை எரித்தது. இடுப்பு வலித்தது. ஆனால் தரையில் இருந்த அடுப்பு ஆடவில்லை. பிறகு கேஸ் வந்தது. நெருப்பு இடுப்பு உயரத்துக்கு ஏறியது. கொதிக்கும் கஞ்சிப்பானையும் கூடவே ஏறியது. தாங்குகிற அலமாரி உறுதியாக இருக்கும்வரை இதில் வசதிதான். அலமாரி ஆட ஆரம்பித்தால், கொதிக்கும் பானை குழந்தையின் தலைக்கு மேலே ஆடுகிறது என்று பொருள்.

சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கணவர் தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர். மனைவி இரண்டு மாடு வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அடுப்படியில் நான்கு அடி நீளத்தில் ஒரு பலகை அலமாரி.

அது ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. கணவர் ஓர் அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார். ஆட்டம் நின்றது. ஆடி மாதத்தில் அட்டை ஊறிக் கூழானது. மறுபடியும் ஆட்டம். அப்புறம் ஒரு தேங்காய் ஓடு வைத்தார். அது ஒரு நாள் உடைந்தது. அன்று காலையில்தான் கஞ்சிப்பானை சரிந்தது. கொதிக்கும் கஞ்சி தரையெல்லாம் கொட்டியது. குழந்தை ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

(கொதிநீர் பட்டுவிட்டால் என்ன செய்வது? மை தடவக் கூடாது. பற்பசை தடவக் கூடாது. புண்ணை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

அன்று மாலை அந்த அம்மா கடையில் புது அலமாரி விலை கேட்டார். ஒரு மாதப் பால் பணத்துக்கு மேல் சொன்னார்கள். வரும் வழியில் தெருக்கோடி ஆசாரியைப் பார்த்தார். வயதானவர். வேலையை விட்டு வெகு காலம் ஆகிறது.

"மாமா, கப்போர்டு ஆடுது. பெரிய ஆணியா நாலு அடிச்சாப் போதுமா?"

"ஆணி வேண்டாம் அம்மிணி. எங்க ஆடுதுன்னு பாத்தியா?"

"எல்லாமே ஆடுதுங்க."

"எல்லாமே ஆடாது. ஒரு இடம்தான் ஆடும். மத்ததெல்லாம் அதுகூடச் சேர்ந்து ஆடும். நாளைக்கு நான் வர்றேன். அதுக்குள்ள அலமாரியைக் காலி பண்ணி வை. அதுக்கும் முன்னால கேஸை மூடிரு."

கேஸை முதலில் மூடு என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். இரும்பையும் சேர்த்தால் எடை சுமார் 30 கிலோ. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் ஓடுகிறது. அலமாரி ஆடும்போதெல்லாம் அந்தக் குழாயும் இழுபடும், மடங்கும். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையிலும் அலமாரியின் உள்ளேயும் தங்கி நிற்கும். கேஸுக்குத் தானாக நாற்றம் கிடையாது. கசிவு மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் ஒரு நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்.

மறுநாள் அந்த அம்மா ரெகுலேட்டரை மூடிக் கழற்றினார். சிலிண்டரை வாசலுக்கு நகர்த்தினார். அடுப்பை இறக்கினார். அலமாரியைக் காலி செய்தார். ஆசாரி வந்து ஒரு மூலையில் கை வைத்து மெல்லத் தள்ளினார். பிறகு அடுத்த மூலை. குனிந்து கால்களைப் பார்த்தார். பின்பலகையைத் தட்டினார். கருவி எதையும் அவர் இன்னும் கையில் எடுக்கவில்லை. பழுது பார்ப்பதில் பாதி வேலை இந்தப் பார்ப்பதுதான். பலர் இதை விட்டுவிட்டு நேராகச் சுத்தியலை எடுக்கிறார்கள்.

அலமாரி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். தரை மேடுபள்ளமாக இருக்கலாம். பெட்டியின் மூட்டு விட்டிருக்கலாம். சுவரில் பிடித்த பிடி கழன்றிருக்கலாம். அடிப்பலகை ஊறி மக்கியிருக்கலாம். இந்த வீட்டில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒரு கால் தரையைத் தொடவில்லை. பெட்டியும் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வந்தது.

"அம்மிணி, உன் தோசைக்கல்லில எண்ணெய் எந்தப் பக்கம் ஓடும்?"

"சன்னல் பக்கம் ஓடுங்க. ரெண்டு வருசமா அப்படித்தான்."

"அப்பவே உன் தோசைக்கல்லு சொல்லியிருக்கு. நீதான் கேக்கலை."

மட்டம் பார்க்க மேஸ்திரிகள் ரசமட்டம் வைத்திருக்கிறார்கள். அது இல்லாத வீட்டில் ஒரு சில்வர் தட்டு போதும். தட்டை அலமாரிமேல் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லாப் பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் மட்டம் சரி. ஒரு பக்கம் விளிம்பை நெருங்கினால் அந்தப் பக்கம் தாழ்வு.

தாழ்ந்த காலுக்கு அடியில் என்ன வைப்பது? ஊறாத, நசுங்காத பொருள் வேண்டும். அட்டை ஊறும். துணி நசுங்கும். ஓடு உடையும். ஆசாரி வேப்பமரத் துண்டு ஒன்றில் ஆப்பு சீவினார். ஒரு முனை மெலிந்தது, மறுமுனை தடித்தது. காலுக்கு அடியில் வைத்து மெல்லத் தட்டித் தள்ளினார். தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். வெளியே நீட்டிய பகுதியை அறுத்தார். காலோடு சேர்த்து ஒரு திருகாணி போட்டார். புது அலமாரிகள் சிலவற்றில் திருகு வைத்த பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அவற்றுக்கு ஆப்பு தேவையில்லை. காலைக் கையால் திருகினாலே உயரம் கூடும், குறையும். அது தெரியாமல் அதற்கும் அட்டை வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பெட்டி. இதற்கு ஆசாரி ஒரு பாடமே நடத்தினார். நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து மூலைக்கு ஓர் ஆணி அடித்தால் என்ன ஆகும்? தள்ளினால் சதுரம் சாயும். மூலைக்கு மூலை குறுக்கே ஐந்தாவது குச்சி ஒன்றை அடித்தால் அப்புறம் சாயாது. தோட்டத்துப் படலில் குறுக்கே ஒரு கம்பு கட்டியிருப்பது இதற்காகத்தான். அலமாரியில் அந்தக் குறுக்குக் கம்பின் வேலையைச் செய்வது பின்பலகை. கதவு அழகாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பின்பலகை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த வீட்டு அலமாரியின் பின்பலகை கீழ்ப்பக்கம் முழுவதும் கழன்று தொங்கியது.

அந்த அம்மா ஒரு நூலை எடுத்து மூலைக்கு மூலை அளந்தார். மறு மூலைக்கும் அளந்தார். ஒன்று அரை அங்குலம் கூட இருந்தது. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி நேராக நிற்கிறது என்று பொருள். கூடுதலாக இருந்த மூலையை ஆசாரி கையால் அழுத்தித் தள்ளினார். அந்த அம்மா மறுபடி அளந்தார். சரியானதும் மூட்டுகளில் மரப்பசை விட்டார்கள். உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகள் வைத்துத் திருகாணி போட்டார்கள். பின்பலகையைச் சுற்றிலும் அரை அடிக்கு ஒரு திருகாணி.

இரண்டு துளைகளில் திருகாணி பிடிக்கவில்லை. துளை அகன்றுவிட்டது. அதைவிடப் பெரிய ஆணி அடிக்கத்தான் பலருக்கும் கை போகும். அடித்தால் பலகை பிளக்கும். ஆசாரி மூங்கிலைச் சீவி, பசையில் தோய்த்து, துளையில் இறுக்கி நுழைத்தார். இரவு முழுவதும் காயவிட்டார். காலையில் நீட்டியதை அறுத்துவிட்டு அதே இடத்தில் திருகாணி போட்டார். பிடித்துக் கொண்டது.

"ஏன் மாமா இப்படிக் கழண்டு கழண்டு போகுது? செய்யறப்ப நல்லாத்தானே இருந்தது?"

அதற்குப் பதில் அந்த ஊர்க் காற்றில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விலகி வழிவிடுகிறது. அந்தக் கணவாயின் அகலம் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஈரக் காற்று இதன் வழியே வருகிறது. மரம் ஈரத்தைக் குடித்துப் புடைக்கிறது. கதவு இறுகிக்கொள்கிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கிறது. மரம் காய்ந்து சுருங்குகிறது. கதவில் இடைவெளி விடுகிறது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. குறுக்குவாக்கில்தான் புடைத்துச் சுருங்கும். ஆணி மரத்தின் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. வருடம் ஒருமுறை மரம் புடைத்துச் சுருங்கினால் ஆணி தளரும். திருகாணிக்குப் புரி இருக்கிறது. அது மரத்தைக் கடித்துக்கொள்ளும்.

பலகையிலும் வித்தியாசம் உண்டு. மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அழுத்திய பலகை விலை குறைவு. பார்வைக்கு வழவழப்பு. ஆனால் தண்ணீர் புகுந்தால் ரஸ்க் போல ஊறிப் புடைக்கும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெரு வெள்ளம் வந்தது. தண்ணீர் புகுந்த வீடுகளில் இப்படிப்பட்ட அலமாரிகளைத் தூக்கி எறிய வேண்டி வந்தது. பிளைவுட் வேறு. மரத்தை மெல்லிய தாள்களாக உரித்து, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஒட்டுகிறார்கள். குறுக்காக ஒட்டுவதால் ஒரு தாள் மற்றொன்றைப் புடைக்கவிடாது. எறணாகுளம் மாவட்டம் பெரும்பாவூரில் இந்த ஆலைகள் ஏராளம். ரப்பர் மரத்திலும் செய்கிறார்கள். வாங்கும்போது பலகையில் அச்சடித்திருப்பதை வாசிக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு ஐ.எஸ். 710 என்ற எண்ணும் இருந்தால் அது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வைக்கும் அலமாரிக்கு அது ஏற்றது. கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பி வாங்குவதைவிட, எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது.

இப்படி அடுப்பையும் தொட்டியையும் அலமாரியையும் ஒரே வரிசையில் வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் கட்டினார்கள். மார்கரேட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் அவற்றுக்கு ஓர் அடுப்படியை வரைந்து கொடுத்தார். சிறிய அறை. நடை குறைவு. எல்லாம் கைக்கு எட்டும் தூரம். சுமார் 10,000 வீடுகளில் அதை வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அதன் பேரப்பிள்ளைகள்தான். அந்த அடுப்படியில் அலமாரிகள் சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. நம் ஊரில் பல வீடுகளில் அலமாரியைக் கொண்டுவந்து சும்மா நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே மூன்றாம் நாள் வேலை, சுவரில் பிடிப்பது. செங்கல் சுவர். டிரில்லிங் மெஷினை வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் நுழைத்து, எல் வடிவ இரும்புப் பட்டையைத் திருகாணியால் முறுக்கினார்கள். துளையைச் செங்கலில் போட வேண்டும். இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சாந்தில் போட்டால் பிடிக்காது. மின்சார ஸ்விட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே கூடாது. உள்ளே கம்பி ஓடும்.

இந்த வீட்டில் அலமாரிமேல் பலகைதான் இருந்தது. கிரானைட் கல் போட்ட வீடுகளும் உண்டு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், முக்கால் அங்குலக் கனம் உள்ள ஒரு கல் 55 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அலமாரியை நகர்த்த முயலக் கூடாது. கல்லே ஆடினால் மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுப்பு திரும்ப மேலே ஏறியது. ரப்பர் குழாயில் அச்சடித்திருந்த வருடத்தை அந்த அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார். ஐந்து வருடம் தாண்டிவிட்டது. புதுக் குழாய் வாங்கி மாட்டினார்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். நுரை கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். ஸ்விட்ச் எதையும் தொடக் கூடாது.

பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் விட்டார். எண்ணெய் நடுவிலேயே நின்றது.

இந்த அம்மாவுக்கு ஒரு தங்கை. மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறாள். அவள் வீட்டு அலமாரியும் ஆடுகிறது. அக்கா போனில் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை ஆப்பு வைத்தாள். பின்பலகையைத் திருகினாள். ஒரு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் பின்பலகையின் அடி கறுத்தது. விரலால் குத்தினால் உள்ளே போனது.

மலையில் கதை வேறு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மழையும் மூடுபனியும் மாதக் கணக்கில் நிற்கும். பழைய லயங்கள் பலவற்றில் சுவர் கருங்கல். நடுவே மண் சாந்து. அதில் பிளக் போட்டால் மண் உதிர்ந்து வெளியே வந்துவிடும். சுவரில் பிடிக்க முடியாத வீட்டில் அலமாரிக்கு அடியில் அகலமான கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். சுவரை ஒட்டி வைக்கவும் கூடாது. இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று நுழைந்து முதுகு காயும். கால்களைச் சிமெண்டில் நேராக நிறுத்தாமல், இரும்புத் தகடோ டைல்ஸ் துண்டோ கொடுத்து நிறுத்த வேண்டும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை போன்ற ஏலக்காட்டு ஊர்களுக்கும் இது பொருந்தும்.

தங்கை அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். பின்னால் சுவர் நனைந்திருந்தது. கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. பலகையை எத்தனை முறை மாற்றினாலும் அது மக்கத்தான் செய்யும். இனி ஆசாரி வேலை இல்லை. கூரை வேலை. லயம் தங்கையுடையது அல்ல. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கட்டித் தருவதும் அதைப் பராமரிப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அவள் இரண்டு முறை வாயால் சொல்லிப் பார்த்தாள். பார்க்கலாம் என்றார்கள்.

மூன்றாவது முறை ஒரு தாளில் எழுதினாள்:

"ஐயா, வணக்கம். எங்கள் வீட்டு அடுப்படிக் கூரைத் தகட்டில் ஓட்டை உள்ளது. இடம், சன்னலுக்கு மேலே வலது மூலை. மழைத்தண்ணீர் சுவரில் இறங்குகிறது. சுவர் ஊறி, அடுப்பு வைத்த அலமாரி மக்கி ஆடுகிறது. அடுப்பு சரிந்தால் ஆபத்து. வீட்டில் சிறு குழந்தை உண்டு. ஏற்கெனவே இரண்டு முறை நேரில் சொன்னேன். மழை பலப்படும் முன் தகட்டை மாற்றித் தரும்படி கேட்டுக் கொள்கிறேன்."

கீழே லயத்தின் எண், வீட்டு எண், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது தாளில் அதையே இன்னொரு முறை எழுதினாள். ஒன்றை எஸ்டேட் அலுவலகத்தில் கொடுத்தாள். மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, துணிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டாள். அதுவரைக்கும் அடுப்பை அலமாரியிலிருந்து இறக்கி, காய்ந்த மூலையில் ஒரு கல் மேடைமேல் வைத்துச் சமைத்தாள். சிலிண்டரை அந்த மேடையைவிடத் தாழ்வாகத் தரையில் நிறுத்தினாள்.